அங்கியும் முக்காடும்: பட்டமளிப்பு உடையின் வரலாறு

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பலவற்றின் முன்மண்டபத்திலே ஒரு படம் தொங்கும். கறுத்த அங்கி தரித்த இளைஞரொருவர் கையிலே கடதாசிச் சுருளொன்றை ஏந்தி, முகத்திலே சிரிப்பின்றி, நிமிர்ந்து நிற்பார். அச்சுருள் பெரும்பாலும் படம் பிடிப்பவர் கொடுத்த வெறுங் கடதாசியே என்பதை வீட்டார் அறிவர். ஆயினும் அதைப்பற்றி எவரும் வாய்திறப்பதில்லை. கடதாசி வெறுமையாயினும் அங்கி மெய்யானது. இரவலாகவோ வாடகையாகவோ பெற்றதாயினும், அதனைத் தோளில் இடும் உரிமை பல்லாண்டு முயற்சியினால் ஈட்டப்பட்டது. அவ்வங்கி எங்கிருந்து வந்தது, அதனை அணியும் உரிமை யார் யாருக்கு எக்காலத்திலே கிடைத்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டமளிப்பு விழாவுக்கென்றே இவ்வுடை அமைக்கப்பட்டது எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. மத்தியகால ஐரோப்பாவிலே பொலோஞா, பாரிஸ், ஒக்ஸ்போட் முதலிய இடங்களிலே பல்கலைக்கழகங்கள் தோன்றிய காலத்தில், கற்பித்தோரும் கற்றோரும் பெரும்பாலும் திருச்சபையின் துறவோர் அல்லது குருத்துவ வரிசையைச் சேர்ந்தோராகக் கருதப்பட்டனர். அவர்கள் அன்றாடம் உடுத்த உடையே இவ்வங்கி. 1222ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட்டிற் கூடிய சபையிலே கந்தபரிப் பேராயர் ஸ்டீபன் லாங்டன், திருச்சபையினர் முன்புறம் மூடிய நீண்ட மேற்போர்வையை அணிதல் வேண்டுமென விதித்தார். உலகத்தார் காலத்துக்கேற்ப உடைகளைக் குறுக்கியும் திறந்தும் மாற்றிக்கொண்டே போக, கல்விக்கழகத்தார் மட்டும் பழைய விதியைப் பற்றிக்கொண்டு நின்றனர். ஒரு காலத்திற் சாதாரணமாயிருந்த உடை, பிறர் எல்லோரும் அதனைக் கைவிட்ட பின்னர், தானாகவே சிறப்புடையாயிற்று. இதற்கு வேறு மந்திரம் எதுவுமில்லை.

குளிரும் ஒரு காரணம் என்பதை மறத்தலாகாது. கல்லாற் கட்டிய, கணப்பு இல்லாத மண்டபங்களிலே பல மணி நேரம் அமர்ந்து நூல் கேட்போருக்குத் தடித்த கம்பளி அங்கியும் தலையை மூடும் முக்காடும் அலங்காரமல்ல, தேவை. சித்திரை வெயிலிலே அதே அங்கியைப் போர்த்து வியர்த்து நிற்கும் நம்மவருக்கு இச்செய்தி சிறிது நகைப்பை உண்டாக்கலாம்.

அவ்வுடை பாதுகாப்பாகவும் இருந்தது, ஆபத்தாகவும் இருந்தது. அங்கி தரித்தவன் திருச்சபையின் நீதிமன்றத்துக்குரியவன். நகரத்து நீதிபதி அவனைத் தண்டித்தல் எளிதன்று. இதனால் நகரத்தாருக்கு அங்கியின்மீது தீராப் பகை மூண்டது. 1355ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாள் ஒக்ஸ்போட் நகரத்து மதுச்சாலையொன்றிலே மது நன்றாயில்லை என்று மாணவர் இருவர் தொடுத்த வாய்ச்சண்டை பெருங் கலகமாகியது. அறுபத்துமூவர் கல்விக்கழகத்தாரிலே மடிந்தனர் என்பது மரபு. மன்னர் பல்கலைக்கழகத்தின் பக்கமே நின்றார். நகரத் தலைவர்கள் ஆண்டுதோறும் அறுபத்துமூன்று பென்ஸ் காணிக்கை செலுத்திப் பரிகாரஞ் செய்யுமாறு விதிக்கப்பட்டனர்; அவ்வழக்கம் 1825வரை நீடித்தது. ஆங்கிலத்திலே நகரத்தாரையும் பல்கலைக்கழகத்தாரையும் வேறுபடுத்திக் கூறும்போது இன்றும் பின்னவரை ‘அங்கி’ என்றே குறிப்பிடுவர்.

அக்காலப் பட்டமளிப்பு எவ்வாறிருந்தது? பட்டம் என்பது கற்றமைக்கான சான்று மட்டுமன்று, கற்பிப்பதற்கான அனுமதி. ஆசிரியர் குழுவிற் புதியவரொருவரைச் சேர்த்துக்கொள்ளுஞ் சடங்கே இன்றைய விழாவின் மூதாதை. பொலோஞாவிலே, 1219இற் பாப்பரசர் மூன்றாம் ஹொனோரியஸ் இட்ட கட்டளையின்படி, தலைமைத் திருத்தொண்டரின் இசைவின்றி எவரும் கற்பித்தல் இயலாது. பரீட்சையிலே தேறியவர் ஆசனத்தில் அமர்த்தப்படுவார். திறந்த நூலொன்று அவர் கையிற் கொடுக்கப்படும். விரலிலே மோதிரம் இடப்படும். தலையிலே தொப்பி வைக்கப்படும். தொப்பி வைத்தலே இவற்றுள் முதன்மையானது. உரோமரிடையே அடிமைத்தளையினின்று விடுபட்டவன் தொப்பி அணிதல் வழக்கமாகலின், மாணவ நிலையினின்று விடுபட்டமைக்கு அது பொருத்தமான அடையாளமாயிற்று.

அதன்பின் விருந்து. ஊர்வலம், வாத்தியம், பரிசில்கள், ஆசிரியர் அனைவருக்குமான உணவு ஆகிய யாவும் புதிய பட்டதாரியின் செலவிலேயே நிகழ்ந்தன. செல்வர் தமது செல்வத்தைக் காட்டினர்; வறியவர் பரீட்சையிலே தேறியும் பட்டம் பெறாது திரும்பினர். இக்கேடு முற்றியமையால் 1311இல் தொடங்கிய வியன் பொதுச்சங்கம் பட்டமளிப்புச் செலவுக்கு உச்ச அளவொன்றை விதிக்க நேர்ந்தது. விழாவுக்கான ஆயத்தங்கள் விழாவையே விழுங்கிவிடும் வழக்கம் நம் காலத்திலே தொடங்கியதன்று என்பது இதனாற் புலனாகும்.

இனி உடையின் உறுப்புகள் பற்றிச் சிறிது நோக்குவாம். தோளிலிருந்து முதுகில் தொங்கும் வண்ணத் துணி ஆதியிலே தலையை மூடிய முக்காடேயாம். தொப்பி தலையிலே இடம் பிடித்தபின் முக்காடு பின்னே சரிந்தது. சரிந்தது சரிந்தபடியே நின்றுவிட்டது. அதன் நுனியிலே வால்போல நீண்ட பகுதி பழைய முக்காட்டின் கூர்நுனியின் எச்சம். வறிய மாணவர் அதிலே பிச்சை ஏற்றனர் என்றொரு கதை உண்டு. கதை இனிமையானதே, ஆயினும் ஆராய்ச்சியாளர் அதனை ஏற்பதில்லை. குளிர்காலத்தில் உட்புறத்திலே மென்மயிர்த் தோலும் கோடையிலே பட்டும் வைத்துத் தைத்தனர். விலையுயர்ந்த மயிர்த்தோல் ஆசிரியருக்கும் பிரபுக்களுக்கும் உரியது. இளங்கலைப் பட்டதாரிக்கு மலிவான ஆட்டுக்குட்டித் தோலே விதிக்கப்பட்டது. கேம்பிறிட்ஜ் இளங்கலைப் பட்டதாரியின் முக்காட்டு உட்புறம் இன்றும் வெண்மயிராக இருப்பது அவ்வேழைத் தோலின் ஞாபகமே. சதுரத் தொப்பியோ குருமார் அணிந்த மென்மையான நான்மூலைத் தொப்பியிலிருந்து பிறந்தது. நாளடைவிலே அதன் மேற்பகுதி விறைத்துப் பலகையாயிற்று. கொத்தனார் சாந்தை ஏந்தும் பலகையை ஒத்திருப்பதால் ஆங்கிலேயர் அப்பெயராலேயே அதனைக் கேலியாக அழைத்தனர். கேலிப்பெயரே இன்று பெயராகிவிட்டது.

பதினேழாம் நூற்றாண்டிலே அங்கி சட்டத்தின் கட்டுக்குள் இறுக்கப்பட்டது. பேராயர் லோட் 1636இல் ஒக்ஸ்போட்டுக்கு வகுத்த விதிகள் எவரெவர் எவ்வங்கியை அணிதல் வேண்டுமென வரையறுத்ததோடமையாது, புதுமாதிரியாகத் தைக்கும் தையற்காரரையும் தண்டனைக்குள்ளாக்கின. கேம்பிறிட்ஜிலே இருட்டிய பின் அங்கியின்றித் தெருவில் அகப்பட்ட மாணவன் ஒழுக்கக் கண்காணிப்பாளருக்கு ஆறு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் குற்றப்பணம் செலுத்தல் வேண்டும் என்ற விதி இருபதாம் நூற்றாண்டிலும் வழங்கியது.

இவ்விதிகளின் மிக வருந்தத்தக்க பகுதி வேறொன்று. கல்வியின் அளவைக் காட்டவேண்டிய உடை பிறப்பின் அளவைக் காட்டலாயிற்று. பிரபுக்களின் புதல்வர் பட்டுத்துணியிலே பொற்சரிகை இட்ட அங்கியும் பொற்குஞ்சம் தொங்கும் தொப்பியும் அணிந்தனர். கேம்பிறிட்ஜிலே அத்தகையோர் பரீட்சையின்றியே பட்டம் பெறும் சலுகையும் பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை இருந்தது. மறுபுறத்தில், கட்டணஞ் செலுத்த இயலாத மாணவர் முற்றத்தைப் பெருக்கியும் பிறருடைய உணவுத் தட்டுகளைச் சுமந்தும் கல்வி பெற்றனர். அவர்களுக்கு முரட்டுத்துணியாலான வேறோர் அங்கி. டப்ளின் திரித்துவக் கல்லூரியிலே அவ்வகை மாணவராகப் படித்த ஒலிவர் கோல்ட்ஸ்மித் கையில்லாத கறுப்பு அங்கியும் செந்தொப்பியும் அணிந்து வலம்வந்தவர். நம் பாடசாலைகளிலே ஆங்கில இலக்கியம் பயின்றோர் அனைவரும் அவர் பெயரை அறிவர். பொற்குஞ்சம் அணிந்த அவர் காலத்துத் தோழர் எவரையேனும் அறிவாருளரோ?

பிறப்புக்கு அடுத்தபடியாகச் சமயம் தடையாய் நின்றது. இங்கிலாந்துத் திருச்சபையின் முப்பத்தொன்பது கோட்பாடுகளை ஏற்றுக் கையொப்பமிட்டாலன்றி ஒக்ஸ்போட்டிலே நுழையவும் இயலாது. கேம்பிறிட்ஜிலே படிக்கலாம், பட்டம் பெற இயலாது. யூதராகிய ஜே. ஜே. சில்வெஸ்ரர் 1837இல் கேம்பிறிட்ஜ் கணிதப் பரீட்சையில் இரண்டாமிடம் பெற்றார், அங்கி மறுக்கப்பட்டது. 1841இல் டப்ளின் சென்று அங்கே பட்டம் பெற்றார். கேம்பிறிட்ஜ் அவருக்குரிய பட்டத்தை 1872இலேயே, முப்பத்தைந்து ஆண்டுகளின்பின், வழங்கியது. இடையில் 1854இலும் 1856இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் இளங்கலைப் பட்டத்தளவிலே சமயத்தடையை நீக்கின; 1871ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியவற்றிற் பெரும்பாலானவற்றை அகற்றியது. அந்த ஆண்டுகளிலேயே கேம்பிறிட்ஜ் கிறைஸ்ற்ஸ் கல்லூரியிற் கற்றுக்கொண்டிருந்தவர் நம் பொன்னம்பலம் அருணாசலம் என்பது கவனிக்கத்தக்கது. சைவர் ஒருவர் தமது சமயத்தைக் கைவிடாமலே அவ்வங்கியை அணியும் வழி ஒரு தலைமுறைக்கு முன்னர் இருந்ததில்லை.

சமயத் தடையை முதலிலே உடைத்த பெருமை இலண்டன் பல்கலைக்கழகத்துக்குரியது. 1836இற் சாசனம் பெற்ற அது எவருடைய சமயத்தையும் வினவவில்லை. 1858இன் பின் மாணவர் எங்கே கற்றார் என்பதையும் பெரும்பாலும் வினவவில்லை. பரீட்சையிலே தேறினாற் போதும். 1878இற் பெண்களுக்கும் தனது பட்டங்களைத் திறந்துவிட்டது. 1880இல் நால்வர் முதலிற் பட்டம் பெற்றனர்.

பெண்கள் விடயத்திலே கேம்பிறிட்ஜ் நடந்துகொண்ட முறை அங்கியின் வரலாற்றிலே ஆழ்ந்து நோக்கவேண்டிய பகுதி. 1890இலே பிலிப்பா போசெற் என்னும் பெண்மணி கணிதப் பரீட்சையில் முதலிடம் பெற்ற ஆடவருக்கும் மேலான புள்ளி பெற்றார், ஆயினும் பட்டமில்லை. 1897 மே மாதத்திலே பெண்களுக்குப் பட்டத்தின் பெயரையேனும் வழங்கலாமா என்ற பிரேரணை வாக்குக்கு விடப்பட்டபோது, மாணவர் துவிச்சக்கரவண்டியில் அமர்ந்த பெண்ணுருவம் ஒன்றைத் தெருவின் மேலே கட்டித் தூக்கினர். ஏறத்தாழ 1,700 பேர் எதிர்த்தும் 660 பேர் ஆதரித்தும் வாக்களித்தனர். அதன்பின் விநோதமான வழியொன்று பிறந்தது. டப்ளின் திரித்துவக் கல்லூரி 1904இற் பெண்களுக்குப் பட்டங்களைத் திறந்தது. ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் ஆகியவற்றிலே பரீட்சை தேறிய பெண்களுக்கும் 1907வரை தனது பட்டத்தை வழங்க இசைந்தது. எழுநூறு பேர்வரையான பெண்கள் நீராவிக்கப்பல் ஏறி ஐரிஷ் கடலைக் கடந்து, அங்கே அங்கியணிந்து பட்டம் பெற்றுத் திரும்பினர். ஒக்ஸ்போட் 1920இல் மனமிரங்கியது. கேம்பிறிட்ஜோ 1921இல் மறுபடியும் மறுத்து, பட்டப்பெயரை மட்டும் அளித்தது. பல்கலைக்கழகத்தின் உறுப்புரிமையும் அதற்கு அடையாளமான அங்கியும் அளிக்கப்படவில்லை. 1948 ஒக்டோபரிலேதான் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் அரசியார் முதலாவது பெண்ணாக அங்கே பட்டம் ஏற்றார். இதனை நம் நாட்டோடு ஒப்பிடின் வியப்பு மிகும். 1942இற் கொழும்பிலே இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் பட்டங்களுக்குப் பெண்களும் ஆண்களும் ஒருங்கே உரியராயினர். அதே ஆண்டிலே கேம்பிறிட்ஜில் முதலிடத்தில் தேறிய பெண்ணுக்கும் அங்கி கிடையாது.

இவ்வங்கி தமிழர் தோளுக்கு வந்த வரலாறு 1857இல் தொடங்குகின்றது. அவ்வாண்டிலே கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக்கொண்டு பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. கல்கத்தாவின் முதற் பட்டதாரிகள் இருவர்; அவருள் ஒருவர் பின்னர் வங்க நாவலாசிரியராகப் புகழெய்திய பங்கிம் சந்திரர். சென்னையின் முதற் பட்டதாரிகளும் இருவரே. அவ்விருவரும் யாழ்ப்பாணத்தவர்: ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் கரோல் விசுவநாதபிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றவர்கள். 1823இலே தொடங்கிய அச்செமினரி பல்கலைக்கழகக் கல்விக்கு ஒப்பான கல்வியை அளித்தும் பட்டம் வழங்கும் அதிகாரம் அற்றதாயிருந்தது. 1855இலே மூடப்பட்டும் போயிற்று. கல்வியை நம் ஊரிலே பெற்று, பட்டத்தைக் கடல் கடந்து சென்று பெறவேண்டிய நிலை அன்றே நம்மவருக்கு வாய்த்துவிட்டது. கேம்பிறிட்ஜிலே தேறிய பெண்கள் டப்ளினுக்குக் கப்பலேறியதை வாசித்தபோது எமக்கு வட்டுக்கோட்டையிலிருந்து சென்னைக்குச் சென்ற இவ்விருவருமே நினைவுக்கு வந்தனர்.

தாமோதரம்பிள்ளையைப் பொறுத்தவரை பட்டம் முடிவாக அமையவில்லை. வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் சூளாமணியை 1889இலும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தவர் அவர். மேனாட்டு அங்கியை அணியும் உரிமை பெற்ற முதல்வர் இருவருள் ஒருவரே, செல்லரித்த ஏடுகளைத் தேடியலைந்து பழந்தமிழ் நூல்களைக் காத்தார். அங்கி அணிந்தோர் எல்லாரும் தம் மொழியை மறந்தனர் எனக் கூறுவோர் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று.

இலங்கையிலே பல்கலைக்கழகம் வேண்டுமென்ற இயக்கம் 1906இல் அருணாசலம் முதலியோரால் முறையாகத் தொடங்கப்பெற்றது. 1921இற் கொழும்பில் யூனிவேசிற்றிக் கல்லூரி தோன்றியபோதும் அது இலண்டன் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தஞ்செய்தது. இலண்டன் வெளிவாரிப் பட்டம் பெற்ற நம் ஆசிரியர் பலர் பட்டமளிப்பு விழாவைக் கண்டதேயில்லை. பெயரை வேந்தரின் முன்னிலையில் வாசிக்கக் கேளாமலே, தபாலிலே வந்த பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தே அவர்கள் பட்டதாரிகளாயினர். கலைப்பட்டதாரிக்குரிய முக்காட்டின் உட்புறம் செம்பழுப்புப் பட்டு என்பதை விதிநூலிலே படித்தறிந்தவரும், அதனைக் கண்ணாற் காணாதவரும் அவருள் உண்டு. முன்மண்டபத்துப் படத்துக்கு அத்துணை மதிப்பு ஏற்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம் போலும். விழாவுக்குச் செல்ல இயலாதவருக்குப் படமே விழா.

1942இல் ஐவர் ஜெனிங்ஸ் உபவேந்தராக இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியதும் பட்டமளிப்பு நம் மண்ணிலேயே நிகழலாயிற்று. யாழ்ப்பாணத்தவர் அதற்குப்பின்னும் கொழும்புக்கோ பேராதனைக்கோ சென்றே பட்டம் பெற்றனர். 1974இலே திருநெல்வேலியிற் பரமேசுவராக் கல்லூரி இருந்த இடத்தில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பரமேசுவராக் கல்லூரியை 1921இல் நிறுவியவர் அருணாசலத்தின் தமையனாராகிய இராமநாதன். வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டு நூறாண்டுக்கு மேல் சென்றபின்னரே யாழ்ப்பாணத்திலே கற்றவருக்கு யாழ்ப்பாணத்திலேயே பட்டம் கிடைத்தது.

அந்நிய ஆட்சி நீங்கியபின் அந்நிய அங்கி எதற்கு என்ற வினா பலகாலும் எழுந்துள்ளது. 2010 ஏப்ரல் 2ஆம் நாள் போபாலிலே நிகழ்ந்த பட்டமளிப்பொன்றில் இந்திய மத்திய அமைச்சர் ஜெயராம் ரமேஷ், குடியேற்றக்காலத்து எச்சம் இது எனக் கண்டித்து மேடையிலேயே தம் அங்கியைக் களைந்தார். 2015இல் இந்தியப் பல்கலைக்கழக மானியக்குழு பட்டமளிப்பு உடைகளுக்குக் கைத்தறித் துணியைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொண்டது. சாந்திநிகேதனத்திலோ தாகூர் காலத்து மரபின்படி பட்டதாரிகளுக்கு ஏழிலைப்பாலையின் இலைக்கொத்தே வழங்கப்படுகின்றது. அதே சாந்திநிகேதனத்துக்கு 1940 ஓகஸ்ட் 7ஆம் நாள் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் தன் பிரதிநிதிகளை அனுப்பித் தாகூருக்குப் பட்டம் அளித்தது. அவர்கள் இலத்தீனிலே பாராட்ட, கவிஞர் வடமொழியிலே மறுமொழி பகர்ந்தார். இதுபோன்ற சபை வேறெங்கும் கூடியதாக யாம் அறியோம். வேடிக்கை என்னவெனில், போபாலிலே அங்கி களையப்பட்டு ஐந்தாண்டுகளின்பின், 2015இல், பரீட்சையின்போது கட்டாயமாக அணியவேண்டிய அங்கியுடையைக் கைவிடலாமா என ஒக்ஸ்போட் மாணவரிடம் வினவியபோது நான்கில் மூன்று பங்கினர் வேண்டும் என்றே வாக்களித்தமை.

எமது கருத்து இதுவே: ஒருவருடைய உடை என்பதற்காக ஒன்றைக் களைதலிலும், அதனை நம்முடையதாக்கிக்கொள்ளுதல் மேல். வெம்மைக்கொவ்வாத கம்பளியைக் கட்டிக்கொண்டிருத்தல் அறியாமை. அதனை மெல்லிய துணியாக்க எவரும் தடையில்லை. இலங்கைப் பல்கலைக்கழகங்கள் அதற்கும் ஒருபடி மேலே சென்றுள்ளன. இங்கே முக்காடு பெரும்பாலும் மறைந்து அதனிடத்தை மாலை பிடித்துக்கொண்டது. சேலை உடுத்த பெண்ணும் வேட்டி உடுத்த ஆணும் மேலே அங்கியைப் போர்த்து, கழுத்திலே துணிமாலை துலங்க மேடையேறுகின்றனர். குளிருக்கஞ்சிய ஐரோப்பியத் துறவியின் முக்காடு, மாலையிட்டு மதிப்பளிக்கும் நம் வழக்கத்துக்கு வழிவிட்டு ஒதுங்கியது எந்த மேடையிலும் எவரும் எதனையும் கிழித்தெறியாமல் நிகழ்ந்த மாற்றம்.

பட்டமளிப்புக்கு முந்திய நாட்களிலே பல்கலைக்கழக வாயிலிற் காணுங் காட்சி பலருக்கும் பழக்கமானதே. வைப்புப்பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி, அங்கியையும் மாலையையும் பெற்றுக்கொள்ள நீண்ட வரிசை நிற்கும். மடித்துவைத்ததிலே விழுந்த சுருக்கங்களை வீட்டிலே தாயார் நீர் தெளித்து அழுத்தித் தேய்ப்பார். அங்கி அளவிலே சற்று நீண்டிருக்கும். முன்னர் அணிந்தவர் யாரென்று தெரியாது. விழா முடிந்து, ஸ்ரூடியோவிலே படமும் எடுத்தபின், குறித்த நேரத்துக்குள் அதனைத் திருப்பிக் கொடுத்தால் வைப்புப்பணம் மீளக் கிடைக்கும்.